இரண்டு பலகைக்கு நடுவில்

தொட்டுப் பார் பூங்காவனம், கடித்தா வைக்கப் போகிறது. தொடுகிறேன். வஞ்சிரத்தின் முதுகை அழுத்துகிற மாதிரி கட்டை விரலை வைத்து அழுத்துகிறேன். குழி விழவில்லை. குழி விழுந்து அப்படியே நின்றால் பழசு, விழாவிட்டால் புதுசு. இருபத்திரண்டு வருஷமாக மீன் விற்கிறவளுக்குத் தெரிந்த பரீட்சை இது ஒன்றுதான், அதை ஒரு ரப்பர் பலகைக்கு வைத்துக்கொண்டு இந்த உச்சி வெயிலில் கீற்றுக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இடது பக்கம் கிடப்பது காற்றடித்த பலகை. உள்ளே வெறும் காற்றுதானாம், ஆனால் தட்டினால் முற்றின சுரைக்காய் மாதிரி சத்தம் வருகிறது. வலது பக்கம் கிடப்பது கெட்டிப் பலகை, வெள்ளை வெளேரென்று, குளித்துவிட்டு வந்து படுத்த மாப்பிள்ளை மாதிரி. இரண்டுமே பத்தரை அடி நீளம். இரண்டிலும் நின்றுகொண்டு துடுப்பு போடலாம். தரணி மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரப் போயிருக்கிறான். அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன், அதற்குள் எது வேண்டும் என்று பார்த்து வையுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பக்கத்துக் குப்பத்துக்காரன். முப்பத்தைந்து வயசிருக்கும். சென்னையிலிருந்து சனி ஞாயிறு வருகிற கம்பெனிக்காரர்களுக்கு அலையில் நிற்கவும் முகத்துவாரத்தில் பலகை ஓட்டவும் கற்றுக் கொடுக்கிறான். பழகித் தேய்ந்த பலகைகளைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவான் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான். மகனுக்கா அக்கா என்றான். ஆமாம் என்றேன். அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம்.

ஏன் ஆமாம் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, ஐஸ் வைத்த மீனை இன்றைக்குப் பிடித்தது என்று சொல்லுகிற அதே வாய். லோகுவுக்கு இது தெரிந்தால் சிரித்தே விழுந்துவிடுவான். ஸ்ரீபெரும்புதூரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஷிஃப்ட் வேலை அவனுக்கு. பதினைந்து வயசில் அவன் அப்பா ஒரு நாள் கடலுக்குக் கூட்டிப் போனார், கரையைத் தாண்டியதும் ஆரம்பித்த வாந்தி திரும்பிவந்து கரையில் கால் வைக்கிற வரைக்கும் நிற்கவில்லை. அவனுக்காகப் பலகை வாங்க வந்த அம்மாவாக நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பொய் சொன்னால் ஒன்றோடு நின்றதா, அதுவும் இல்லை. தம்பி எவ்வளவு எடை இருப்பாப்ல என்று கேட்டான் தரணி, அறுபத்திரண்டு என்றேன். என் எடை எழுபத்து நாலு, போன மாசம் ஆஸ்பத்திரியில் ஏறி நின்று பார்த்தது. முட்டி வலி எதுவும் இல்லையே என்றான், இல்லை என்றேன். என் வலது முட்டி மாடிப்படியில் ஏறினால் மரக்கதவு மாதிரி முனகும். நீச்சலை மட்டும் அவன் கேட்கவே இல்லை. குப்பத்துப் பிள்ளைக்கு நீச்சல் கேட்கணுமா என்று அவனே சொல்லிச் சிரித்துக்கொண்டான். அந்தச் சிரிப்புதான் இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அறுபத்திரண்டு கிலோ, முட்டி நன்றாக இருக்கிற, மீன் மாதிரி நீந்துகிற ஒருத்தனுக்கு எது நல்லது என்று விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அப்படிப்பட்டவனுக்கு வலது பக்கத்துப் பலகைதானாம். தண்ணீரை அறுத்துக்கொண்டு போகும், ஒரு இழுப்பு இழுத்தால் நாலு பாகம் தூரம் ஓடும், காற்றடித்தது அப்படி ஓடாது, எதிர்க்காற்று வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் என்றான். ஆனால் புதுசாகக் கற்கிறவர்களுக்குக் காற்றடித்தது மெத்து மெத்தென்று இருக்கும், அகலம் ஜாஸ்தி, விழுந்தாலும் அடிபடாது, அது அம்மா மடி மாதிரி என்றான். நான் புதுசாகக் கற்கிறவள் என்று அவனுக்குத் தெரியாது.

கெட்டிப் பலகையின் ஓரத்தில் ஒரு சின்னக் காயம் இருக்கிறது. எங்கோ இடித்து மேல்தோல் பெயர்ந்து உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. நகத்தால் நெருடுகிறேன். இந்தப் பொடிப்பொடி வெள்ளை எனக்குத் தெரியாததா. தெர்மாகோல். மேலே ஃபைபர், உள்ளே தெர்மாகோல், என் ஐஸ் பெட்டி என்னவோ அதுதான் இது. கெட்டி என்று என்ன மார்தட்டல். அப்படியென்றால் ஒன்றில் காற்று, இன்னொன்றில் ஐஸ் பெட்டி, இவற்றின்மேல் நின்றுகொண்டு மனுஷர்கள் தண்ணீரில் போகிறார்கள். சரி, தண்ணீரில் எப்படிப் போகும் என்பதை விடு, வீட்டில் எங்கே வைப்பாய். அதைச் சொல் முதலில். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பு வீடு, ஒரு ரூம், ஒரு ஹால், அடுப்படி. அந்த ஹாலில் நீட்டி நிமிர்ந்து படுத்தது அவர் ஒருவர்தான், லோகுவும் நானும் எப்போதும் குறுக்கிக்கொண்டுதான் படுத்தோம். பத்தரை அடி கெட்டிப் பலகையை வாசல் சுவரில்தான் சாய்த்து வைக்க வேண்டும், தெருவில் போகிற நாய்கூட நின்று என்ன இது என்று பார்த்துவிட்டுப் போகும். காற்றடித்ததுக்கு அந்தத் தொல்லை இல்லை. காற்றைப் பிடுங்கிச் சுருட்டினால் பைக்குள் போய்விடும், பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் பிரபஞ்சத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. இதைக் கேட்டதும் மனசு அங்கேயே போய் ஒட்டிக்கொண்டது. காற்றுப் பலகைதான் என்று முடிவே செய்துவிட்டேன். அப்புறம் பம்பைக் காட்டினான். கையால் அடிக்க வேண்டுமாம். பத்து நிமிஷம், புதுசு என்றால் கால் மணி நேரம், குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து. எங்கே நின்று அடிப்பது, கரையில் நின்றுதான். எங்கள் கரையில் கால் மணி நேரம் ஒருத்தி குனிந்து நிமிர்ந்தால் கோயில் கொடியேற்றத்துக்குக் கூடுகிற கூட்டம் கூடிவிடும். கெட்டிப் பலகை என்றால் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டு ஏறிவிடலாம், யாராவது வாயைத் திறப்பதற்குள் நான் போய்விட்டிருப்பேன். ஒன்று வீட்டில் ஒளியும், கரையில் ஒளியாது. இன்னொன்று கரையில் சட்டென்று ஒளியும், வீட்டில் மானத்தை வாங்கும். எங்கே வெட்கப்படுவது என்பதுதான் கேள்வியென்றால் நான் பலகை வாங்கவா வந்திருக்கிறேன்.

தனக்கோட்டி என்ன சொல்லுவாள். அவர் கூடப் பிறந்த அக்கா, என் நாத்தனார். மீன் ஏலக் கொட்டகையில் கருவாடு காயப் போட்டுக்கொண்டு இருப்பாள் இந்நேரம், கண் மட்டும் தெருவில் இருக்கும். எனக்கு நல்லவள்தான். அவர் போன அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அவள்தான், மூன்று நாள் என் வாயில் கஞ்சி ஊற்றினவளும் அவள்தான். ஆனால் பொம்பளை ஏறின படகுக்கு மீன்பாடு இருக்காது என்பது அவளுக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி ஒரு விஷயம், அதில் சண்டை போட எதுவும் இல்லை. படகைத் தாண்டக் கூடாது, வலையை மிதிக்கக் கூடாது, துடுப்பைத் தாண்டினால் அதைக் கழுவி வைக்க வேண்டும். எனக்கு ஒன்பது வயசில் ஒரு மத்தியானம் அப்பாவின் கட்டுமரம் மணலில் கிடந்தது. யாரும் இல்லை. ஏறி உட்கார்ந்தேன். மரம் ஈரமாக இருந்தது, தொடை இரண்டும் குளிர்ந்துபோயின, அந்தக் குளிர் இப்போது நினைத்தாலும் வருகிறது. இரண்டு கையையும் துடுப்பு மாதிரி வைத்து மணலைத் தள்ளினேன். கண்ணை மூடிக்கொண்டால் மரம் ஆடியது. சத்தியமாக ஆடியது. அம்மா பின்னால் வந்து முடியைப் பிடித்து இறக்கி விட்ட அடியில் காது இரண்டு நாள் இரைந்துகொண்டே இருந்தது. அப்பா அடிக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து மரம் முழுக்கத் தெளித்தார், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் உட்கார்ந்த இடத்தில் மட்டும் இரண்டு தடவை. அம்மாவின் அடி மறந்துவிட்டது, அந்த இரண்டு தடவை மறக்கவில்லை. என் தம்பி அதே மரத்தில் ஏறி நின்று ஒன்றுக்கே இருப்பான், அவனை யாரும் கழுவவில்லை. சரி போகட்டும், இந்தப் பலகை படகும் இல்லை, கட்டுமரமும் இல்லை, இதை வைத்து யாரும் மீன் பிடிக்கப்போவதில்லை, இதற்கு மீன்பாடு எங்கிருந்து கெடும். இப்படி ஒரு வாதம் தயார் செய்துகொண்டு வந்தேன், தனக்கோட்டி முன்னால் நின்று சொல்வதாக நினைத்துப் பார்த்தால் முதல் வார்த்தையிலேயே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

கடலை எதிரில் நின்று பார்த்தே நாற்பத்தாறு வருஷம் போய்விட்டது. காலையில் அது என்ன நிறம், காற்று மாறினால் அதன் மூஞ்சி எப்படி மாறும், எல்லாம் தெரியும். ஒருமுறை அது எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து பாத்திரம் பண்டம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனது. நான்தான் அதன் வீட்டுக்கு ஒரு தடவையும் போனதில்லை. அவர் சொல்லுவார், ராத்திரி முழுக்க வலையில் கிடந்துவிட்டு விடிகிற நேரத்தில் திரும்பும்போது கரை எப்படித் தெரியும் என்று. அதிகம் பேசாத மனுஷன், இதை மட்டும் கேட்டால் சொல்லுவார். முதலில் செல்போன் டவர் ஒரு ஊசி மாதிரி. அப்புறம் தண்ணீர்த் தொட்டி. அப்புறம் கோயில். அப்புறம் கரையில் புள்ளி புள்ளியாகப் பெண்கள், ஒருத்தியும் யாரென்று தெரியாது, எல்லாம் ஒரே புள்ளி. உன்னை மட்டும் தெரியும் என்பார். எப்படி என்று கேட்பேன், தெரிந்துகொண்டே கேட்பேன். நீ மட்டும்தான் ஒரு இடத்தில் நிற்க மாட்டே, அங்கேயும் இங்கேயும் நடந்துக்கிட்டே இருப்பே என்பார். எனக்கு அந்தக் கரையைப் பார்க்க வேண்டும். நடந்துகொண்டே இருக்கிற அந்தப் புள்ளி இல்லாத கரையை. நான் நிற்காத இடம் தூரத்திலிருந்து பார்க்க எப்படி இருக்கும், அவர் ஒவ்வொரு நாளும் எதைப் பார்த்துக்கொண்டு வந்தார், எந்த இடத்தில் வரும்போது நான் அவருக்கு நானாக ஆனேன். இதை எந்த மகனுக்காகச் சொல்லி எந்தப் பலகையை வாங்க முடியும். இந்த ஆசைக்கு என்ன பெயர் என்றுகூட எனக்குத் தெரியவில்லை, பசி மாதிரி வயிற்றில்தான் இருக்கிறது. அவரைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. பார்க்க முடியாது, அதனால் அவர் பார்த்ததையாவது பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

முகத்துவாரத்துப் பாலத்தில் அந்த அம்மாவைப் பார்க்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் தூங்கிக்கொண்டே இருந்திருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறவர், வாரத்துக்கு இரண்டு நாள் என்னிடம் சங்கரா மீன் வாங்குகிறவர். முடியெல்லாம் நரைத்துவிட்டது, என்னைவிடப் பத்து வயசாவது பெரியவர். அன்றைக்குக் காலையில் கூடையோடு பாலத்தைத் தாண்டுகிறேன், கீழே தண்ணீரின்மேல் நின்றுகொண்டு போகிறார். நடக்கவில்லை, நீந்தவில்லை, சும்மா நின்றுகொண்டிருக்கிறார், தண்ணீர் அவரைக் கொண்டுபோகிறது. கையில் நீளத் துடுப்பு. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. அவசரமே இல்லை. கொக்கு ஒன்று பக்கத்தில் நின்றது, அதுகூடப் பறக்கவில்லை. நான் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, ஐஸ் உருகித் தண்ணீர் முதுகில் வழிந்து புடவை நனைந்த பிறகுதான் நினைவு வந்தது. மறுவாரம் மீன் வெட்டிக் கொடுக்கும்போது கேட்டேன், பயமாக இல்லையா அம்மா என்று. முதல் மாசம் முழுக்கத் தண்ணீரைத்தான் குடித்தேன் என்று சிரித்தார். அப்புறம், உங்களுக்கென்ன, நீங்களெல்லாம் கடலிலேயே பிறந்தவர்கள் என்றார். கத்தியைக் கழுவுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் ஆண்கள் பிறந்தார்கள் அம்மா, கடலில். நாங்கள் கடற்கரையில் பிறந்தோம். முட்டிவரைக்கும் தண்ணீரில் நின்று கூடை கழுவுவோம், இடுப்புவரை வந்தால் கத்துவோம். குப்பத்தில் என் வயசுப் பெண்களில் நீச்சல் தெரிந்தவள் ஒருத்தி இருந்தால் காட்டட்டும். பலகையிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதே மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி உச்சந்தலை எரிகிறது. லைஃப் ஜாக்கெட் இருக்கும்தான். காலில் கயிறு கட்டிப் பலகையோடு பிணைத்து விடுவார்களாம். நீச்சல் தெரியாதவள் என்று தெரியாமல் யாராவது கையை விட்டுவிட்டால். நான் சொல்லாவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும். என் பொய்யே என்னை முக்கிக் கொன்றாலும் கொல்லும்.

ஒரு நாள் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று லோகு அப்பா சொல்லியிருந்தார். அதற்குத்தான் மனசு இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வருகிறது, எனக்குத் தெரியும். வேறு யோசனை பண்ணு. காற்றடித்த பலகையைச் சிப்பி கிழிக்குமா. கிழிக்காதாம், மூன்று அடுக்கு. சைக்கிள் டியூபையும் இப்படித்தான் சொன்னார்கள். சரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், காணும் பொங்கல் அன்று, யாரும் தொழிலுக்குப் போகாத நாள். முந்தின நாள் சாப்பிடும்போது, நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வரியா, ஆளுங்க எழுந்திரிக்கறதுக்குள்ள முகத்துவாரத்துல ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம், கடலுக்கு வேணாம், தண்ணிலதான், என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எத்தனை வருஷமாக நான் கேட்டது. கல்யாணமான புதுசிலிருந்து கேட்டது. ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில் வரவில்லை. அஞ்சரைக்கு அவர் எழுந்தார். முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. போய்ப் படகைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் தலைமாட்டில் நின்றார். பூங்கா என்றார். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, பூங்கா, எழுந்திரி என்றார், இன்னும் மெதுவாக. மூச்சைத் தூங்குகிறவள் மாதிரி இழுத்து விட்டேன். பொய் மூச்சு. அவர் குனிந்து என் காலில் விலகியிருந்த போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனார். எட்டு மணிக்கு நான் கரைக்குப் போய்ப் பார்த்தபோது படகு மணலுக்கு ஏற்றியாகியிருந்தது. குறுக்குப் பலகைமேல் அவருடைய பழைய வேட்டி நாலாக மடித்துப் போட்டிருந்தது, எனக்கு உறுத்தக் கூடாதென்று. அப்படி ஒரு மடிப்பு. கடையில் மடித்த மாதிரி. யார் பார்த்தார்கள் என்று பயந்து அதைச் சட்டென்று எடுத்துக் கூடைக்குள் போட்டேன்.

ஏன் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். தனக்கோட்டிக்குப் பயந்தேன் என்று கொஞ்ச நாள். தண்ணீருக்குப் பயந்தேன் என்று கொஞ்ச நாள். தண்ணீரில் நான் பயப்படுவதை அவர் பார்த்துவிடுவார் என்று பயந்தேன், அது கொஞ்ச நாள். அடுத்த மாசத்திலிருந்து மீன்பாடு குறைந்தால் என்னால்தான் என்று நானே நம்பிவிடுவேனோ என்றும் இருந்தது, மஞ்சள் தண்ணீரை நானே கரைத்து எடுத்துக்கொண்டு போவேனோ என்று. எல்லாம் உண்மைதான், எதுவும் போதவில்லை. அவர் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. தூங்கிட்டே என்றுகூடச் சொல்லவில்லை. முழித்திருந்தது தெரிந்திருக்குமோ. இருபது வருஷம் பக்கத்தில் படுத்தவருக்கு என் தூக்க மூச்சு தெரியாதா. தெரிந்துதான் போர்வையை இழுத்து விட்டாரா. கடலில் நாற்பது வருஷம் போய்வந்த மனுஷன், கடைசியில் சர்க்கார் ஆஸ்பத்திரி வார்டில், சுற்றாத ஃபேனுக்குக் கீழே, மாரைப் பிடித்துக்கொண்டு போனார். அன்றைக்குச் சாயங்காலம் உள்ளே விட்டார்கள், ஐந்து நிமிஷம். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நான் அன்றைக்கு முழித்துக்கொண்டிருந்தேன் என்று ஒரே ஒரு வரி. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். சிலிண்டர் புக் பண்ணிட்டேன் என்றேன். தலையை ஆட்டினார். அதற்குள் நர்ஸ் நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். கன்னியப்பன். உயிரோடு இருந்தவரைக்கும் பெயரைச் சொன்னதில்லை, இப்போது யாரும் இல்லாத இந்தக் கொட்டகையில் சொல்லிப் பார்க்கிறேன். கன்னியப்பன். இரண்டு வருஷம் ஆகிறது.

காற்றடித்த பலகையின்மேல் ஏறி உட்காருகிறேன். யாரும் இல்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முட்டியை மெதுவாக மடக்கி மண்டி போடுகிறேன், முட்டிக்குக் கீழே மெத்தென்று இருக்கிறது, வலிக்கவில்லை. எழுந்து நிற்கிறேன். மணலில்தான் கிடக்கிறது, இருந்தாலும் கொட்டகைக் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறேன். அடுத்து கெட்டிப் பலகை. மண்டி போட்டதும் முட்டி தன் கணக்கைச் சொல்லிவிட்டது. அம்மாடி என்று இறங்குகிறேன். இதற்கு என்ன பெரிய யோசனை வேண்டியிருந்தது, பூங்காவனம். எனக்கு என்று ஏறிப் பார்த்தால் அரை நிமிஷம் ஆகவில்லை. அறுபத்திரண்டு கிலோ பையனுக்கு என்று யோசித்துத்தான் அரை மணி நேரம் மண்டை காய்ந்தது. வெளியே வண்டிச் சத்தம். தரணி மகளை வீட்டில் இறக்கிவிட்டு வந்திருக்கிறான். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே கெட்டிப் பலகையை ஒரு தட்டுத் தட்டி, இதைத்தானே அக்கா, தம்பிக்கு இதுதான் சரியா வரும் என்கிறான். ஆமாம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. தானாகத் திறந்துவிட்டது.

"தம்பி, இது லோகுவுக்கு இல்ல. எனக்கு."

அவன் என்னைப் பார்க்கிறான். விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் போனவன் சிரிக்கவில்லை. நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன். எழுபத்து நாலு கிலோ என்கிறேன், வலது முட்டி சரியில்லை என்கிறேன், லோகுவுக்குக் குடத்துத் தண்ணீர் ஆடினாலே வாந்தி வரும் என்கிறேன்.

"நீச்சல் தெரியுமாக்கா?"

"தெரியாது."

பம்பின் குழாயைக் கையில் சுற்றிச் சுற்றி விடுகிறான். திட்டப் போகிறான், அல்லது ஊருக்குள் சொல்லிச் சிரிக்கப் போகிறான் என்று காத்திருக்கிறேன். எங்கம்மாவுக்கும் தெரியாதுக்கா என்கிறான் கடைசியில், யாரோ தூரத்து ஆளைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி. எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தும் அம்மாவை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை என்கிறான். அப்புறம் அவனுக்கு வாத்தியார் குரல் வந்துவிடுகிறது. அப்படியானால் கெட்டிப் பலகையைத் தொடவே கூடாது, காற்றடித்ததுதான், அதுவும் முதல் மாசம் முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு, அவன் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். கடல் பக்கம் திரும்பக்கூடக் கூடாது, விழவும் தண்ணீரில் மூச்சு பிடிக்கவும் பழகின பிறகுதான் நிற்பதெல்லாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன். வால்வைத் திறந்து காட்டுகிறான், பலகை நீளமாகப் பெருமூச்சு விட்டுத் தளர்கிறது. முழங்காலால் அழுத்திச் சுருட்டச் சொல்கிறான், இடது முட்டியால் அழுத்திச் சுருட்டுகிறேன். பைக்குள் திணிக்கும்போது அவன் கொட்டகைக்கு வெளியே ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலை இறக்குகிறான். நல்ல மனசு. என் கஷ்டம் அவனுக்குப் புரிந்திருக்கிறது.

"ஒண்ணும் யோசிக்காதீங்கக்கா. காலைல அஞ்சரைக்கு வந்துடுங்க. ஆளுங்க எழுந்திரிக்கறதுக்குள்ள முடிச்சுடலாம். யாருக்கும் தெரியாது."

பை வாரைப் பிடித்தபடி நிற்கிறேன். அஞ்சரை. இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது இந்த நேரத்தை. எங்கள் ஊரில் ஒரு பொம்பளைக்கு நல்லது செய்ய நினைக்கிற எல்லா ஆண்களுக்கும் யாரும் பார்க்காத இந்த ஒரு நேரம்தான் தெரியுமா. அவரும் பாவம், என்மேல் இருந்த பிரியத்தில்தான் சொன்னார். இத்தனை வருஷமாகத் தேடின பதில் இதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் அந்த நேரத்தைக் கேட்டதும் என் கண் தானாக மூடப் பார்க்கிறது. இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்துக்கொள்கிறேன். அழுகை வருகிறது, வரட்டும்.

"அஞ்சரை வேணாம் தம்பி. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வரேன்."

பத்து மணிக்கா என்கிறான். ஏல நேரம் அக்கா, ஊரே கரையில் இருக்கும், நீங்கள் பம்ப் அடிக்கவே கால் மணி நேரம் ஆகும் என்கிறான். தெரியும் என்கிறேன். பையைத் தூக்கித் தலையில் வைத்துவிடச் சொல்கிறேன். முதுகில் மாட்டுகிற பை அக்கா அது என்று வாரைக் காட்டுகிறான், எனக்குத் தலைதான் சௌகரியம், மீன் கூடையில் பாதிக் கனம்கூட இல்லை. அவன் கொடுத்த துடுப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வருகிறேன். சவுக்குத் தோப்பைச் சுற்றிக்கொண்டு குறுக்குச் சந்தில் போனால் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய்விடலாம், நாலு வீடுதான் பார்க்கும். ஏலக் கொட்டகை வழியாகப் போனால் சீட்டாடுகிறவர்கள், வலை தைக்கிறவர்கள், கருவாடு திருப்புகிறவர்கள் எல்லாரும் இருப்பார்கள். மணல் செருப்புக்குள் ஏறிக் காலைச் சுடுகிறது. ஏலக் கொட்டகைப் பக்கம் நடக்கிறேன். சீட்டாட்டம் நிற்கிறது. யாரோ இருமுகிறார்கள். தனக்கோட்டிதான் கருவாட்டுக் கையோடு எழுந்து வந்து, என்னடி தலைல, யாருக்கு என்று முதலில் கேட்கிறாள். நின்று, அங்கே இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவளுக்குப் பதில் சொல்கிறேன்.